பேப்பரில் ஜெயிக்கும் காரும் ஓட்டும்போது இனிக்கும் காரும்: ஸ்போர்ட்ஸ் கார் ஒப்பீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் என் பெரியப்பா மகன் போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "தம்பி, ரெண்டு காருக்கு நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறேன், நீ வந்து ஒரு முடிவு சொல்லு" என்றார். போனால், சாப்பாட்டு மேசையில் ஒரு நீள நோட்டு. நடுவில் கோடு கிழித்து ஒரு பக்கம் செகண்ட் ஹேண்டில் வந்திருந்த போர்ஷே 718 கேமன் ஜிடிஎஸ் 4.0, மறுபக்கம் பிஎம்டபிள்யூ எம்2. குதிரைத்திறன் 400க்கு 460. டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை, 420க்கு 550. அப்புறம் நூறைத் தொட எத்தனை நொடி, டிக்கியில் எவ்வளவு இடம் என்று வரிசையாக. ஒவ்வொரு வரியிலும் ஜெயித்த காருக்கு ஒரு டிக். எம்2 பக்கம் இரண்டு டிக் கூடுதல்.

அண்ணன் மாதத்துக்கு இரண்டு தடவை விடியற்காலையில் ஏலகிரி வரை ஓட்டிவிட்டு வருவார். வருடத்துக்கு நாலைந்து தடவை ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். அவருடைய ஓட்டம் மொத்தமும் இவ்வளவுதான். இது அந்த நோட்டில் ஒரு வரியாகக்கூட இல்லை. பத்து வருடமாக நான் பார்க்கிற முதல் தவறு இது. காரைப் பற்றி எல்லாவற்றையும் எழுதுகிறோம், அது ஓடப்போகும் ரோட்டைப் பற்றி எழுதுவதில்லை.

ரோட்டில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: எந்த வேகத்தில் இந்தக் கார் ஓட்டுபவரிடம் பேச ஆரம்பிக்கிறது? டிராக்கில் பார்ப்பது வேறு: எத்தனை சுற்று வரைக்கும் அதே குரலில் பேசுகிறது? இந்த இரண்டுக்கும் பதில் எந்த விளம்பரத் தாளிலும் அச்சாகியிருக்காது.

நொடிக் கணக்கு

பூஜ்ஜியத்திலிருந்து நூறு. கேட்கவே கிளுகிளுப்பான எண், ஆனால் ஓட்டும் சுகத்தைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. 992 தலைமுறை போர்ஷே 911 ஜிடி3யை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் 3.4 நொடி, கையால் கியர் மாற்றும் வண்டியில் 3.9 நொடி. அரை நொடி மெதுவான அந்த மேனுவலைத்தான் ஓட்டத் தெரிந்தவர்கள் காத்திருந்து வாங்கினார்கள். கிளட்ச்சை விட்டு, ஒன்பதாயிரம் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) வரை இழுத்து, அடுத்த கியரைக் கையால் போடுகிற அந்த வேலை அவர்களுக்கு வேண்டியிருந்தது.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில் எடுத்த சுற்று நேரத்தை வைத்து ஒப்பிடுபவர்கள் இன்னொரு குழியில் விழுகிறார்கள். அதே ஜிடி3க்கு 6 நிமிடம் 59.927 நொடி என்று ஒரு இடத்தில் இருக்கும், 6 நிமிடம் 55.2 நொடி என்று இன்னொரு இடத்தில் இருக்கும். இரண்டும் சரி. முழுச்சுற்று 20.832 கிலோமீட்டர். முன்பு வழக்கத்திலிருந்த அளவு 20.6 கிலோமீட்டர். எந்த நீளத்துக்கு எடுத்த நேரம் என்று பார்க்காமல் இரண்டு கார்களைப் பக்கத்தில் நிறுத்தினால் கணக்கே தப்பு. டயரையும் பாருங்கள். அந்த நேரம் எடுத்தது கப் 2 ஆர் என்ற, டிராக்குக்காகவே செய்த டயரில். சாதாரண ரோட்டு டயர் போட்ட காரோடு அதை ஒப்பிட்டால் நீங்கள் ஒப்பிடுவது ரப்பரைத்தான், காரை அல்ல.

பெங்களூரு காற்றில் ஓட்டிப் பார்ப்பது

இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ பத்து சதவீதம் குறைவு. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத எஞ்சின் தன் மூச்சைத் தானே இழுக்க வேண்டும். கிடைக்கிற காற்று குறைந்தால் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். 400 குதிரைத்திறன் கேமன் எம்.ஜி. ரோட்டில் நிற்கும்போது முப்பத்தைந்து நாற்பது குதிரையை வீட்டில் விட்டுவிட்டு வந்த மாதிரி. டர்போ இருக்கும் எம்2 அந்தக் குறையைப் பெரும்பாலும் தானே ஈடுகட்டிக்கொள்ளும். பெங்களூரில் ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டு "கேமன் கொஞ்சம் சோம்பேறியா இருக்கு" என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். ஓசூர் தாண்டி, கிருஷ்ணகிரி இறங்கி, வேலூர் வந்து சேரும்போது அதே கேமன் வேறு காராக மாறியிருக்கும். சென்னை வெயில் அதில் ஒரு பங்கைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும் என்பதும் உண்மைதான். ஆனாலும் வித்தியாசம் காலடியில் தெரியும்.

டார்க் எங்கே கிடைக்கிறது என்பதும் இதோடு சேர்ந்தது. எம்2வின் 550 நியூட்டன் மீட்டர் 2,650 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். கேமனின் 420, ஐயாயிரத்தைத் தொட்ட பிறகுதான். மைசூரு விரைவுச்சாலையில் ஒரு லாரியைத் தாண்ட எம்2வில் கால் விரல் அசைந்தால் போதும். கேமனில் இரண்டு கியர் இறக்க வேண்டும். அந்த இறக்கத்தை வேலையாக நினைப்பவருக்கு எம்2, விளையாட்டாக நினைப்பவருக்குக் கேமன். இதற்கு டிக் போட முடியாது.

கேமனிலும் ஒரு குறை உண்டு, அதை மூடி மறைக்க மாட்டேன். மேனுவல் கியர்கள் ரொம்ப நீளம். இரண்டாம் கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மைசூரு விரைவுச்சாலையின் வேக வரம்பே 100. அதாவது அந்த அருமையான எஞ்சின் உச்சிக்குப் போய்க் கத்துகிற சத்தத்தை, சட்டத்துக்கு உட்பட்டு முதல் கியரில் மட்டும்தான் கேட்கலாம். கியர் எந்தெந்த வேகத்தில் மாறுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளாமல் ரோட்டு சுகத்தை ஒப்பிடவே கூடாது. இந்தியாவில் விற்காத மாஸ்டா எம்எக்ஸ்-5 மாதிரி ஆயிரம் கிலோவைச் சுற்றியிருக்கும் சின்னக் கார்களை உலகமே கொண்டாடுவதற்குக் காரணம் இதுதான். அறுபதில் போகும்போதே அவை பேச ஆரம்பித்துவிடும்.

விறைப்பான சஸ்பென்ஷனை "டிராக் மாதிரி இருக்கு" என்று மெச்சுவதையும் நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலை விதிப்படி வேகத்தடை பத்து சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் ஏரியாவில் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் மேடுகளுக்கு அந்த அளவு தெரியாது. மேடும் பள்ளமுமான ரோட்டில் விறைத்த சஸ்பென்ஷன் டயரைத் தரையில் நிறுத்தாது, துள்ள வைக்கும். துள்ளுகிற டயருக்குப் பிடி கிடையாது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் ஏற்காட்டின் இருபதிலும் மெத்தென்ற காரே வேகமான கார். கொல்லிமலைக்கு எழுபது வளைவு இருக்கிறதே என்று அகலமான காரை எடுத்துப் போகாதீர்கள். எதிரே பஸ் வரும்போது உங்களுக்கு மிஞ்சுவது ஓரத்துக் கல்தான்.

நாலாவது சுற்றில் தெரியும் உண்மை

மூன்று வருடம் முன்னால் ஒரு நண்பர் நல்ல சக்தியான, கனமான காரோடு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தார். முதல் மூன்று சுற்று பிரமாதம். நாலாவது சுற்றில் ஒரு நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை மிதித்தார். பெடல் தரை வரை போய்விட்டது. திரும்பத் திரும்ப அமுக்கி, கியரை இறக்கி, மண்ணில் இறங்கி நின்றார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது சக்கரத்துக்குள்ளிருந்து புகை, கருகிய பிசின் வாசனை. பிட்டில், அதாவது டிராக் ஓரத்தில் கார்களைச் சரிபார்க்கும் இடத்தில், இருந்த மெக்கானிக் பிரேக் ஆயில் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, ஆயில் டீ டிகாக்ஷன் கலர்ல இருக்கு. எப்ப மாத்துனீங்க?" வாங்கின நாளிலிருந்து மாற்றவே இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்த பிறகு அந்தத் தரத்துக்கான எல்லை 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. பெடல் தரைக்குப் போவது அதனால்தான்.

எடை இங்கேதான் வட்டி கேட்கிறது. 1,600 கிலோ கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை முழுசாக நின்றால் பிரேக்கில் இறங்கும் சூடு, ஏறத்தாழ எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அரைக் குடம் தண்ணீர், ஐந்தாறு நொடியில். 1,400 கிலோ கேமனுக்கும் 1,700 கிலோவைத் தாண்டும் எம்2வுக்கும் உள்ள வித்தியாசம் நோட்டில் ஒரு வரிதான். டிராக்கில் அது ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கிலும் பேடிலும் டயரிலும் கழிகிற காசு. குதிரைத்திறனுக்குக் கொடுக்கிற முதல் டிக்கை எடைக்குக் கொடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். எடை குறைந்த பழைய மாருதி எஸ்டீம்களை வைத்து இந்த டிராக்கில் ரேஸ் ஓட்டிப் பழகியவர்கள் எத்தனையோ பேர்.

சூடான காரை பிட்டுக்குள் கொண்டுவந்து உடனே ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிட்டு, கியரில் நிறுத்துங்கள்.

டயர் காற்றில் நடக்கும் தவறு உயிருக்கே ஆபத்தானது. டிராக்கில் டயர் சூடேறினால் அழுத்தம் ஏறும். ஐந்தரை டிகிரி சூட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு பிஎஸ்ஐ. காலையில் 32 வைத்தால் நாலு சுற்றில் 38, 40 என்று நிற்கும், கார் வழுக்கும். அதனால் பிட்டில் காற்றை இறக்குவோம். சாயங்காலம் அதே டயரோடு பெங்களூருக்குக் கிளம்பினால், ஆம்பூர் தாண்டும்போது டயர் ஆறி, காற்று இருபதுகளில் இருக்கும். நெடுஞ்சாலை வேகத்தில் அது டயரின் பக்கச் சுவரை வேகவைத்துக் கிழிக்கும். கிளம்புமுன் ஆறவிட்டு நிரப்புங்கள். டிராக்குக்கென்று செமி ஸ்லிக் டயர் வாங்கியிருந்தால் பெங்களூரு மழையில் அதை நம்பாதீர்கள். தண்ணீரைத் தள்ளும் பள்ளம் அதில் குறைவு.

எந்த டிராக் என்பதும் ஒப்பீட்டில் வர வேண்டும். கோவை கரி ஸ்பீட்வே இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய குறுகல் சுற்று, அங்கே பெரிய எஞ்சினுக்கு மூச்சுவிட இடமில்லை. கிரேட்டர் நொய்டா புத் சர்க்யூட் 5.125 கிலோமீட்டர், அதில் ஒரு நேர்ப்பாதை மட்டும் ஒரு கிலோமீட்டருக்கு மேல், அங்கே சிறிய கார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் இரண்டுக்கும் நடுவில். நம் ஊரிலிருந்து அங்கே போய்வரும் அறுநூறு கிலோமீட்டருக்கும் மேலான ரோடும் அந்த நாளின் ஒரு பாகம்.

கையெழுத்துப் போடுமுன்

பொதுரோட்டில் பந்தயம் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவில் சிறைவரை போகலாம். இது தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது, சாதாரண வாகன இன்ஷூரன்ஸ் பாலிசியில் பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கு என்று எழுதியிருக்கும் என்பது. டிராக்கில் சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது. விலையை ஒப்பிடும்போது இதைச் சேர்த்து ஒப்பிடுங்கள். புதுச்சேரி நம்பரில் மலிவாக வருகிறது என்று செகண்ட் ஹேண்ட் கார் எடுப்பதும் அப்படித்தான். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம், கர்நாடக ஆயுள் வரியும் கட்ட வேண்டும். அந்த வரியைக் கூட்டினால் மலிவு எங்கே போனது என்று தெரியாது.

மறுவாரம் அண்ணனும் நானும் இரண்டு காரையும் பார்க்கப் போனோம். போகும்போது அவருடைய ஹெல்மெட்டைப் பையில் போட்டு எடுத்துப் போகச் சொன்னேன். அண்ணன் ஆறடி. ஒரு காரில் சீட்டை எவ்வளவு இறக்கியும், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தால் ஹெல்மெட் கூரையில் இடித்தது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்தார், இரண்டு நிமிடம் அப்படியே இருந்துவிட்டு இறங்கிவிட்டார். அடுத்த காரில் ஹெல்மெட்டுக்கும் கூரைக்கும் நடுவில் நான் விட்ட நாலு விரலும் தாராளமாகப் போனது. வீட்டுக்கு வந்து அந்த நோட்டில் கடைசி வரியாக அதை எழுதிக்கொண்டார்.