ஊர்வீட்டுப் பிளக்கும் ரைமரும்

நல்லூர்த் திருவிழாவுக்கென்று யாழ்ப்பாணம் போகிற ஒரு குடும்பத்திடம் குறைந்தது நாலு ஃபோன், ஒரு லப்ரொப் இருக்கும். பழைய ஊர்வீட்டு அறையிலோ ஒரே ஒரு பிளக் பேஸ்தான், அதுவும் கட்டிலுக்குப் பின்னால். போன முறை நாங்கள் அதில் ஒரு மல்ரி பிளக்கைச் செருகி, ஸ்ராண்ட் ஃபான், நுளம்பு லிக்குவிட், சார்ஜர்கள், விடிய எழும்பியதும் தேத்தண்ணிக்குக் கேத்தல் என்று எல்லாவற்றையும் ஏற்றினோம். மூன்றாம் நாள் காலை மீன் கருகின மாதிரி ஒரு மணம். குசினியில் அடுப்பே மூட்டவில்லை. பிளக்கைத் தொட்டால் கை சுட்டது. கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பேஸில் துளையைச் சுற்றி மண்ணிறமாக ஒரு வட்டம்.

கணக்கு லேசானது. சாமானில் எழுதியிருக்கிற வாட்டை 230ஆல் பிரித்தால் அம்பியர் வரும். நாலு ஃபோன், ஃபான், லப்ரொப் எல்லாம் சேர்ந்தும் சுமார் ஒரு அம்பியர்தான். 2000 வாட் கேத்தல் தனியாகவே 9 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். எங்கள் சுவரில் இருந்தது பழைய உருண்டைக்கால் 5 அம்பியர் பேஸ், அதற்கு மேல் ஒரு அடப்ரர். மல்ரி பிளக்கின் பியூஸ் 13 அம்பியர் என்பதால் அது எரியவே இல்லை; சுவர்தான் சூடேறியது. ஆகவே கேத்தல், அயன்பொக்ஸ், தலைமயிர் காயவைக்கிற மெஷின் மூன்றையும் மல்ரி பிளக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஒன்றொன்றாக, குசினியில் இருக்கும் 13 அல்லது 15 அம்பியர் பேஸில் நேரே செருகுங்கள்.

இலண்டன்காரருக்கு வேலை சுகம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், அதே சதுரக்கால் பிளக். வீட்டிலுள்ள மல்ரி பிளக்கையே பெட்டிக்குள் போடலாம். கனடா, அமெரிக்காவில் இருந்து வருபவர்கள் அங்கத்தைய பவர் பாரை, அதாவது அங்குள்ள மல்ரி பிளக்கைக் கொண்டுவரவே வேண்டாம். அடப்ரர் காலை மட்டுந்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 120 வோல்ட்டுக்குச் செய்த பவர் பாருக்குள் இருக்கும் மின்னெழுச்சித் தடுப்பு 230இல் சூடாகி எரியக்கூடும். சார்ஜரில் 100-240 என்று இருந்தால் பயமில்லை.

சுவிஸ், ஜேர்மனி, பிரான்சில் இருந்து வருபவர்களுக்கு இன்னொரு வில்லங்கம். இரண்டு கால் பிளக் சதுரப் பேஸுக்குள் போகாது என்றதும், ஊரில் யாராவது ஒருவர் பேனை மூடியை எர்த் துளைக்குள் விட்டு, மூடியிருக்கும் மற்றத் துளைகளைத் திறந்து, பிளக்கை அமுக்கித் தந்துவிடுவார். கெட்டித்தனம்தான். ஆனால் கால் துளைக்குள் ஆடிக்கொண்டே இருக்கும், பொறி பறக்கும், எர்த்தும் கிடையாது. ஒரு அடப்ரர் வாங்கப் பெரிய செலவில்லை.

இனி ரைமர், அதாவது குறித்த நேரத்தில் கறண்டைத் தந்து நிறுத்துகிற சாமான். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்த பிறகும் விறாந்தை லைட்டும் உள்ளே ஒரு லைட்டும் பின்னேரம் ஆறரைக்குப் பற்றி இரவு பத்துக்கு அணைந்தால், வீட்டில் ஆள் இருப்பதுபோல் தெரியும். சுவர் பேஸில் ரைமர், ரைமரில் ஒரேயொரு மல்ரி பிளக், அதில் லைட்டுகள். மல்ரி பிளக்கில் இன்னொரு மல்ரி பிளக் ஆகாது. 9 வாட் எல்ஈடி நாலு போட்டாலும் மொத்தம் 36 வாட்தான். சுவர், ரைமர், மல்ரி பிளக் மூன்றில் எதில் ஆகக் குறைந்த அம்பியர் எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் எல்லை. ரவுட்டரையும் கமெராவையும் ரைமரில் போடாமல் வேறு பேஸில் விடுங்கள், அவை நாள் முழுக்க ஓட வேண்டியவை.

பல்லுப் பல்லாக அமுக்குகிற சுழல் ரைமர் மலிவு. ஆனால் கறண்ட் நின்றால் அதுவும் நின்றுவிடும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அப்படி ஒரு நாள் வந்தால் உங்கள் விறாந்தை லைட் அதற்குப் பிறகு நடுச்சாமத்தில்தான் எரியும். உள்ளே பற்றரி உள்ள டிஜிற்றல் ரைமர் நேரத்தைத் தவறவிடாது.

தண்ணி மோட்டரை மட்டும் இந்த ரைமரில் போடாதீர்கள். தாங்கி நிரம்ப ஒரு மணித்தியாலம் ஓடட்டும் என்று ஆசை வரும். மோட்டர் கிளம்பும்போது வழமையைவிடப் பல மடங்கு கறண்டை இழுக்கும். ரைமருக்குள் இருக்கும் தகடு ஒட்டிக்கொண்டால், கிணறு வற்றினாலும் மோட்டர் நிற்காது. சில ரைமரில் அம்பியர் 16 என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்று போட்டிருப்பார்கள். மோட்டர் மாதிரியான சாமானுக்கு அந்த 2தான் கணக்கு. வயரிங் வேலை தெரிந்தவரைப் பிடித்து அதற்கென்று தனி சுவிச் போடுவியுங்கள். அவர் வந்த கையோடு எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கறண்ட் ஒழுகினால் தானே விழுந்து வெட்டுகிற ட்ரிப் சுவிச்சில் T என்று இருக்கும் பட்டனை நீங்களே ஒருக்கால் அமுக்கிப் பாருங்கள். அது விழவில்லையென்றால் மாற்ற வேண்டியதுதான்.

நாங்கள் புறப்பட்ட அன்று மல்ரி பிளக்கில் மிச்சமாக இருந்த இரண்டு துளைகளையும் ரேப் ஒட்டி மூடிவிட்டு வந்தோம். வீடு கூட்ட வருகிற மாமி அயன்பொக்ஸைச் செருகிவிடுவா என்ற பயந்தான்.