பிளாட்டியையும் வாள்வாலையும் இணை சேர்க்க

குட்டி போடும் மீன்களில் கலப்பினம் செய்து பார்க்க நான் சொல்வது பிளாட்டியும் வாள்வால் எனும் ஸ்வார்ட்டெயிலும்தான். இரண்டும் ஒரே பேரினம் என்பதால் கலப்புக் குட்டிகளும் வளர்ந்து குட்டி போடும். மற்ற குட்டி போடும் மீன்களான கப்பியும் மாலியும் ஒன்றோடொன்று சேர்வது அபூர்வம். சேர்ந்தாலும் குட்டிகள் பெரும்பாலும் மலடு.

பெண் மீனில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருமுறை சேர்ந்தாலே ஆணின் விந்தைப் பல மாதம் உடம்பில் வைத்திருக்கும். சென்னை கொளத்தூரில் வாங்கிய மஞ்சள் பிளாட்டியைச் சிவப்பு ஸ்வார்ட்டெயில் ஆணோடு விட்டேன். மூன்று ஈற்றும் அசல் பிளாட்டிக் குட்டிகள்! அதனால் குட்டியிலிருந்தே நீங்களே வளர்த்த பெண்ணை எடுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து குதத்துக்குப் பின்னால் இருக்கும் அடித்துடுப்பைத் தினமும் பாருங்கள். விசிறிபோல இருந்தால் பெண்; குச்சிபோலக் கூராகத் தொடங்கினால் ஆண், உடனே வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

நான்கு மாதம் ஆனதும் இரண்டு மூன்று பெண்களோடு ஓர் ஆண் ஸ்வார்ட்டெயிலை மட்டும் விடுங்கள். 60 லிட்டர் தொட்டி, 26 டிகிரி, கட்டாயம் மூடி. ஸ்வார்ட்டெயில் துள்ளி வெளியே விழுந்துவிடும். சேர்ந்தபின் ஏறக்குறைய நான்கு வாரத்தில் குட்டிகள் வரும். ஜாவா பாசி என்ற நீர்ச்செடி அடர்த்தியாக இருந்தால், தின்ன வரும் தாயிடமிருந்து குட்டிகள் தப்பிக்கும்.

அப்புறம் ஒன்று. கரும்புள்ளி பிளாட்டியை இதற்கு எடுக்காதீர்கள். அந்தக் கலப்பை மறுபடி ஸ்வார்ட்டெயிலோடு சேர்த்தால் சில குட்டிகளுக்குக் கருப்புப் புற்றுக்கட்டி வரும். 1920களிலேயே கண்டறிந்த விஷயம் இது. மஞ்சள், சிவப்பு பிளாட்டியே போதும்.