வீட்டில் கங்காரு பராமரிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்த குழந்தை வீடு திரும்பியதும், பெரும்பாலும் அதைத் துணியில் இறுகச் சுற்றித் தொட்டிலில் போட்டுவிடுகிறோம். தோலுக்கடியில் போதிய கொழுப்புச் சேராத அப்பிள்ளையால் தன் உடற்சூட்டைத் தக்கவைத்துக்கொள்ள இயலாது. துணியோ இருக்கிற சூட்டைக் காக்குமே தவிர, புதிதாகச் சூடு தராது. சூடு தருவது தாயின் மார்பு. குழந்தையைத் தோலோடு தோல் படும்படி வெறும் மார்பில் அணைத்து வைத்திருப்பதே கங்காரு பராமரிப்பு.

எனவே ரவிக்கையோ நைட்டியோ இடையில் இருக்க அணைத்துக்கொள்வதை முதல் தவறாகச் சொல்வேன். குழந்தைக்குத் தொப்பி, காலுறை, அரைத்துணி ஆகியவை மட்டும் போதும். வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்கவைத்து, மேலே சேலையையோ போர்வையையோ சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். பார்க்க வருவோர் முன் கூச்சமாக இருக்கிறதென்று பல தாய்மார்கள் குழந்தையை இறக்கிவிடுகிறார்கள். உறவினர்களைச் சில வாரம் கழித்து வரச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று மருந்துபோல் அளந்து செய்வது அடுத்த தவறு. நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரை. அடிக்கடி எடுத்து இறக்கினால் குழந்தை களைத்துப்போகும் என்பதால், ஒருமுறை அணைத்தால் ஒரு மணி நேரமாவது தொடர வேண்டும். இவ்வளவையும் தாய் ஒருத்தியே சுமக்க வேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். அவர் குளிக்கவும் உறங்கவும் போகும்போது அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் மிகுந்த கவனம் வேண்டும். குழந்தையின் முகவாய் அதன் மார்பிலேயே படியும்படி தலை கவிழ்ந்தாலும், பின்னால் அதிகம் சரிந்தாலும் மூச்சுப்பாதை அடைபடலாம். ஆகவே முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். சோபாவில் சாய்ந்தபடியே கண்ணயர்வது உயிருக்கே ஆபத்தானது. உறக்கம் வருவதாகத் தோன்றினால் உடனே குழந்தையை விழித்திருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தினமும் குளிப்பாட்டுதல், மூக்கில் எண்ணெய் ஊதுதல், சாம்பிராணிப் புகை காட்டுதல் ஆகியவற்றை இக்குழந்தைகளுக்குச் செய்யவே கூடாது.

எடை ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிடுபவர்களும் உண்டு. ஏறத்தாழ இரண்டரைக் கிலோவை எட்டும்போது குழந்தையே நெளிந்து வெளியே வரப் பார்க்கும், அதுவரை தொடரலாம்.

குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 முறைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, மார்போடு அணைத்தும் உடல் சில்லிட்டே இருந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். போகும் வழியிலும் குழந்தை மார்போடே இருக்கட்டும்.