விண்வெளி நிலையத்துக்கு உயிர்காப்புக் கருவிகள்: எடைக்கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பது எப்படி?

முதலில் ஒரு ஆளின் ஒரு நாள் கணக்கை எழுதிக்கொள்ளுங்கள். அவருக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 1 கிலோ. மூச்சிலும் வியர்வையிலும் ஏறத்தாழ 2 லிட்டர், சிறுநீரில் 1.5 லிட்டர் தண்ணீர் போகும். இதை ஆட்களாலும் நாட்களாலும் பெருக்குங்கள். கருவியின் விலையைவிட, மேலே ஏற்ற வேண்டிய எடைதான் பணத்தை விழுங்கும். மின்சாரம், குளிரூட்டல், பழுதுபார்க்கும் நேரம் ஆகியவற்றையும் கிலோவாக மாற்றி அதே கணக்கில் சேருங்கள்.

காற்றைச் சுத்தம் செய்ய 1 கிலோ லித்தியம் ஹைட்ராக்சைடு, வேதிக் கணக்குப்படி 0.92 கிலோ கார்பன் டை ஆக்சைடைத்தான் பிடிக்கும். அதோடு அது கழிவு. 3 பேருக்கு நாளுக்குக் குறைந்தது 3.3 கிலோ. 30 நாளுக்கு 100 கிலோதான், யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். 180 நாளுக்கோ 590 கிலோ. ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தால் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து, திரும்பத் திரும்பப் பயன்படும் கருவி, உதிரிபாகங்களோடு 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்தில் எடை சமனாகிவிடும். ஜியோலைட் ஈரத்தைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் காற்றை உலர்த்தி அனுப்புங்கள். அதன் தூள் வால்வுகளில் புகுந்து அடைக்கும். சர்வதேச விண்வெளி நிலையத்திலும் இந்தத் தொல்லை வந்தது. வடிகட்டி, வால்வு இல்லாத உதிரிபாகப் பட்டியலை ஏற்காதீர்கள்.

தண்ணீரில், காற்றின் ஈரத்தைக் குளிரவைத்துப் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். சுத்தம் செய்வது எளிது. சிறுநீர் அடுத்து. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2008இல் சர்வதேச நிலையத்துக்குப் போன சிறுநீரைக் காய்ச்சி வடிக்கும் கலன் 85 சதவீத நீரை மீட்க வேண்டியது. விண்வெளியில் எலும்பு கரைவதால் சிறுநீரில் கால்சியம் கூடும். பதப்படுத்தச் சேர்த்த கந்தக அமிலத்தோடு அது சேர்ந்து, ஜிப்சமாகப் படிந்து கலனை அடைத்துவிட்டது. அதனால் மீட்பைக் குறைத்து ஓட்ட வேண்டியதாயிற்று. பிறகு பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறினார்கள். பூமியில் இருப்பவர்களின் சிறுநீரை வைத்து மட்டும் சோதித்த கருவியை வாங்காதீர்கள். கால்சியத்தைக் கூட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். எஞ்சும் உப்புக்கரைசலையும் உலர்த்தி நீரெடுத்தபின் அங்கே மொத்த நீர் மீட்பு 98 சதவீதத்தைத் தொட்டது.

ஆக்சிஜனுக்கு நீண்ட காலத்தில் மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் நீரை ஆக்சிஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிப்பது. ஆளுக்கு நாளொன்றுக்கு 0.95 லிட்டர் நீர் செலவாகும். மிஞ்சும் ஹைட்ரஜனைக் கார்பன் டை ஆக்சைடோடு சேர்க்கும் சபாட்டியே கருவி, அதில் பாதி நீரைத் திருப்பித் தரும். அந்த ஹைட்ரஜன் 58 சதவீதக் கார்பன் டை ஆக்சைடுக்கே போதும். மீதியை வெளியே விடத்தான் வேண்டும். 3 பேருக்கு 180 நாளில் இப்படித் திரும்பக் கிடைக்கும் நீர் சுமார் 255 லிட்டர். கருவியும் உதிரிபாகங்களும் அதைவிடக் கனமென்றால், ஆறு மாத நிலையத்துக்கு அது வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும், அடுத்த சரக்குக் கலம் வந்துசேரும்வரை தாங்கும் அளவுக்கு லித்தியம் ஹைட்ராக்சைடும் உருளையில் ஆக்சிஜனும் தனியாக இருக்கட்டும். அந்த எடையில் மட்டும் கைவைக்காதீர்கள்.