ஸ்பின்னிங் ரீலுக்குத் தங்கூசியா, பிரெய்டா?

போன கிழமை பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு தம்பி மணலில் குந்தியிருந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். தூண்டில் ராட் புதிது, நூல் சுற்றும் ரீலும் புதிது, மடியில் மட்டும் குருவிக்கூடு மாதிரி ஒரு தங்கூசிப் பந்து, அதாவது நைலோன் நூல் பந்து. ரீலை வாங்கிப் பார்த்தேன், 2500 அளவு, சின்ன ரீல்தான். அதில் 0.50 மில்லிமீற்றர் தங்கூசியை விளிம்பு முட்ட ஏற்றி வைத்திருக்கிறார். ஏன் இவ்வளவு தடிப்பு என்று கேட்டால், "பெரிய பாரை கொத்தினால் அறுத்துக்கொண்டு போயிடுமே அண்ணை" என்கிறார். பாரை கொத்துவதற்கு முதலில் இரை கரையைவிட்டுப் போகவேண்டுமே, அதுதான் பதினைந்து மீற்றரைத் தாண்டவில்லை.

அவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் கைத்தூண்டிலில் பழகி வந்தவர்கள். கையால் இழுக்கும்போது மெல்லிய நூல் விரலை அறுக்கும், அதனால் அறுபது, எண்பது இறாத்தல் இழுவை தாங்கும் தடித்த தங்கூசிதான் கைக்கு வசதி. அந்தப் பழக்கத்தோடு கடைக்குப் போய் ரீலுக்கும் அதையே கேட்கிறோம், கடைக்காரரும் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். நானும் தொடக்கத்தில் அப்படித்தான், "இது யானையையே இழுக்கும்" என்று ஒரு கடையில் கட்டிக் கொடுத்ததை ஏற்றி இரண்டு மாதம் சிக்கு மட்டும் பிடித்தேன்.

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல், அதாவது நூல் சுற்றியிருக்கும் உருளை, சுழலாது. நூல் சுருள் சுருளாக அதன் விளிம்பைத் தாண்டி வெளியே பாய்கிறது. தடித்த தங்கூசி சுற்றி வைத்த வடிவத்தையே ஞாபகம் வைத்திருக்கும், ஸ்பிரிங் மாதிரி. ஸ்பூல் சின்னதாக இருந்தால் சுருளும் சின்னது, அது ராட்டின் ஒவ்வொரு வளையத்திலும் முட்டி முட்டித்தான் போகும், தூரம் செத்துவிடும். கொஞ்சம் தளர்ந்தால் நாலைந்து சுருள் ஒன்றாகத் துள்ளி விழும், பிறகென்ன, சிக்குத்தான். ஆகவே நூல் வாங்கும்போது கனவில் வரும் மீனை ஒரு பக்கம் வைத்துவிட்டு கையில் இருக்கும் ரீலைப் பாருங்கள். 2500 ரீல் என்றால் தங்கூசி 0.28 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம், கிட்டத்தட்டப் பத்து இறாத்தல் வரும். 4000 என்றால் 0.30 முதல் 0.35 வரை. 0.40க்கு மேல் போட ஆசை என்றால் 6000 அளவு ரீலாவது வேண்டும்.

பெட்டியில் எல்பி என்று போட்டிருப்பது இறாத்தல்தான், பாண் வாங்கும் அதே இறாத்தல், ஏறத்தாழ 450 கிராம். இருபது இறாத்தல் நூல் என்றால் ஒன்பது கிலோ இழுவையில் அறும் என்று அர்த்தம். ஒன்பது கிலோ மீன்வரைதான் பிடிக்கலாம் என்று அர்த்தமில்லை, ஏனென்றால் இடையில் ராட் வளைகிறது, ரீலின் பிரேக் மாதிரியான டிராக் நூலை விட்டுக்கொடுக்கிறது. பத்து இறாத்தல் நூலில் அதைவிடப் பாரமான மீனையும் பொறுமையாகக் கரை சேர்க்கலாம், அவசரப்பட்டால் இரண்டு கிலோ மீனும் அறுத்துக்கொண்டு போகும்.

இனி நூலின் சாதி. தங்கூசி என்றால் நைலோன், 1930களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பனியில் கண்டுபிடித்தது. மலிவு, முடிச்சு சுலபமாக இறுகும், சிப்பியில் கல்லில் உரசினாலும் கொஞ்சம் தாங்கும். இழுத்தால் நன்றாக நீளும், இருபது முப்பது சதவீதம்கூட. அது புதிதாகப் பழகுபவருக்கு ஒரு வரம், மீன் திடீரென்று பாய்ந்தால் நூலே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் எண்பது மீற்றருக்கு அப்பால் சின்ன மீன் கொத்தினால் கைக்குத் தெரியாது. தண்ணீரை உறிஞ்சி நனைந்தபின் பலமும் கொஞ்சம் குறையும். வெயில் இதற்கு எதிரி, கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட்டிருக்கும் சுருளை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள்.

பிரெய்ட் என்பது பொலித்தீன் இனத்துக்குள்ளேயே மிகப் பலமான ஒருவகை இழையை நாலாகவோ எட்டாகவோ பின்னியது. நாலு இழை உரசலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், எட்டு இழை வழுவழுப்பாக வளையத்தில் சத்தமில்லாமல் ஓடும். நீட்சி மூன்று நாலு சதவீதம்தான், அதனால் இரையை ஒரு நண்டு தடவினாலும் விரலுக்குத் தெரியும். தண்ணீரில் மிதக்கும். ஒரே தடிப்பில் தங்கூசியைவிட இரண்டு மூன்று மடங்கு பலம், அதாவது 2500 ரீலிலும் இருபது இறாத்தல் நூலை மெல்லியதாகப் போட முடியும். பெட்டியில் பிஇ என்று ஓர் எண் இருக்கும், அது ஜப்பான்காரர் தடிப்புக்கு வைத்த கணக்கு. பிஇ 1 என்றால் 0.165 மில்லிமீற்றர், 1.5 என்றால் 0.205, 2 என்றால் 0.235, 3 என்றால் 0.285. மலிவுப் பெட்டிகளில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பவேண்டாம். 0.20 தடிப்பில் நூறு இறாத்தல் என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று பொய். சந்தேகமென்றால் ஒரு நுனியைத் தொங்கு தராசில் கட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள், கையில் துணி சுற்றிக்கொண்டு.

மூன்றாவது சாதி புளோரோகார்பன். அதைப் பற்றி எல்லோரும் கேட்பது, தண்ணீரில் தெரியாதாமே? ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலோனுக்கு 1.5க்கும் மேல். ஆகவே தண்ணீருக்குக் கொஞ்சம் கிட்ட நிற்கிறது, அவ்வளவுதான், மாயமெல்லாம் இல்லை. இதன் உண்மையான பெறுமதி உரசலைத் தாங்குவதிலும் தாழ்வதிலும்தான் இருக்கிறது. ஆனால் விறைப்பு, விலையும் கூட. ஸ்பூல் முழுக்க இதை ஏற்றினால் மேலே சொன்ன ஸ்பிரிங் கதை இன்னும் மோசமாக நடக்கும். லீடருக்கு, அதாவது பிரதான நூலின் முனையில் கட்டும் துண்டுக்கு, ஒரு சின்னச் சுருள் வாங்குங்கள், போதும்.

என்னைக் கேட்டால், இதுவரை ராட் பிடிக்காதவர் முதல் மூன்று மாதம் 0.26 தங்கூசியோடு பழகட்டும், சிக்கு விழுந்தாலும் வெட்டி எறியும் காசு குறைவு. பழகியவர் ஒரே ஒரு நூல்தான் வாங்குவேன் என்றால் பிஇ 1.5, எட்டு இழை, 4000 ரீல். உப்புவெளி, நிலாவெளி மணற்கரை என்றாலும் துறைமுகத்துப் பக்கம் ஜெட்டி என்றாலும் வள்ளத்தில் கொஞ்சம் வெளியே போனாலும் இது சமாளிக்கும். பொப்பர் என்ற மிதக்கும் போலி இரையை வீசிப் பெரிய பாரைக்கு நிற்பவர்களின் கதை வேறு, அவர்களுக்கு 8000 ரீலும் பிஇ 5ம், இந்தக் கட்டுரை தேவையில்லை.

இடத்துக்கு ஏற்ப மாற்றவேண்டியது லீடரைத்தான். பிரெய்ட் எவ்வளவு பலமென்றாலும் சிப்பியில் ஒரு தடவை உரசினால் போச்சு, கத்தியால் வெட்டிய மாதிரி. கிண்ணியாப் பாலத்தடி, ஜெட்டித் தூண்கள், கற்பாறை, இங்கெல்லாம் முப்பது நாற்பது இறாத்தல் லீடர் ஒன்றரை மீற்றராவது கட்டுங்கள். தம்பலகாமம் பக்கம் கண்டல் வேருக்குள் கொடுவா தேடுபவருக்கும் அதேதான், அது கொத்தியதும் வேருக்குள்தான் ஓடும். வெறும் மணற்கரையில் இருபது போதும். மாரியில் மகாவலி கலங்கல் தண்ணீரைக் கொட்டியாரக் குடாவுக்குள் கொண்டுவந்து தள்ளும்போது புளோரோவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை, சாதாரணத் தங்கூசி லீடரை எந்த மீனும் பார்க்கப்போவதில்லை. சீலாவும் அறுக்குளாவும் ஓடும் நாட்களில் முனையில் ஒரு சாண் கம்பி லீடர் வையுங்கள், அந்தப் பல்லுக்கு நூல் எல்லாம் ஒன்றுதான். புறாமலை தேசியப் பூங்கா, அங்கே தூண்டிலோடு போகவேண்டாம், கடற்படைப் பகுதிகளிலும் அப்படித்தான்.

சரி, நூலை ஏற்றுவது. நல்ல நூல் வாங்கியவர்களும் இங்கேதான் கெடுக்கிறார்கள். பிரெய்டை வெறும் ஸ்பூலில் கட்டினால் அது பிடிக்காமல் ஸ்பூலோடு மொத்தமாக வழுக்கும், டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் நூல் போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் ரீல் பழுது என்று நினைப்பீர்கள். அடியில் தங்கூசி போடவேண்டும். எவ்வளவு? என் 4000 ரீலில் 0.30 தங்கூசி 180 மீற்றர் கொள்ளும் என்று அடித்திருக்கிறது. பிரெய்ட் 150 மீற்றர், தடிப்பு 0.205. தடிப்பைத் தடிப்பால் பெருக்கி நீளத்தால் பெருக்கினால் 6.3, அதை 0.30 பெருக்கல் 0.30, அதாவது 0.09ஆல் வகுத்தால் 70. ஆக பிரெய்ட் பிடிக்கும் இடம் 70 மீற்றர் தங்கூசிக்குச் சமம், மிச்சம் 110 மீற்றரை 0.30 தங்கூசியால் நிரப்பினால் கணக்குச் சரி. விளிம்புக்குக் கீழே இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி விடுங்கள். நூல் அதைவிடக் குறைந்தால் தூரம் போகாது, கூடினால் சுருள் துள்ளும்.

நூல் சுருளை நிலத்தில் வைத்து, ஈரத் துணியால் நூலை இறுக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றிய பிரெய்ட்டில் பெரிய மீன் இழுக்கும்போது மேல் சுற்று அடிச் சுற்றுக்குள் புதைந்துபோகும், அடுத்த வீச்சில் படீரென்று நின்று லூர் என்ற போலி இரை மட்டும் தனியாகப் பறக்கும். தங்கூசி என்றால் இருபது சுற்று சுற்றியதும் நிறுத்தி நூலைத் தளர்த்திப் பாருங்கள். முறுக்கிக்கொண்டு சுருண்டால் நிலத்தில் கிடக்கும் சுருளைக் கவிழ்த்துப் போடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

லீடரை இணைக்க எப்ஜி முடிச்சு. லீடரை விறைப்பாக இழுத்துப் பிடித்து, பிரெய்டை அதன்மேல் ஒரு தடவை மேலிருந்து, ஒரு தடவை கீழிருந்து என்று மாறி மாறி இருபது சுற்று போடவேண்டும். பிறகு அரை முடிச்சு நாலைந்து. எச்சில் தடவி இரண்டு பக்கமும் பலமாக இழுக்கும்போது பிரெய்டின் நிறம் கொஞ்சம் கருக்கும், அதுதான் கடித்துப் பிடித்துவிட்டது என்பதற்கு அடையாளம். நிறம் மாறாவிட்டால் வழுக்கும், திரும்பக் கட்டுங்கள். எச்சிலை மறந்தால் உராய்வுச் சூட்டில் இழை கருகும், இந்த நூல் ஏறத்தாழ 150 பாகையிலேயே உருகிவிடும். இது கைக்கு வரும்வரை இரட்டை யூனி முடிச்சு போதும், கொஞ்சம் மொத்தமாக வளையத்தில் தட்டும், பரவாயில்லை.

டிராக்கை நூல் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வைக்காதீர்கள், ஒன்பது கிலோ நூலுக்கு இரண்டு, இரண்டரை கிலோ போதும், தராசில் இழுத்துப் பார்த்தே வைக்கலாம். வீசி முடிந்ததும் ரீலில் நூலைப் பிடிக்கும் வளைகம்பியைக் கைப்பிடியால் சுழற்றி மூடாமல் கையால் மூடி, நூலை ஒருமுறை இழுத்துவிட்டுச் சுற்றுங்கள். பிரெய்டில் வரும் காற்றுமுடிச்சுகளில் பாதி இந்த ஒரு பழக்கத்தால் இல்லாமல் போகும். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் நாளில் காற்று முதுகுப்பக்கம் இருக்கும், தூரம் சும்மாவே கிடைக்கும். வாடை நேராக முகத்தில் அடிக்கும்போது பிரெய்ட் வயிறு போட்டுத் தொங்கும், அன்றைக்குப் பாரமான லூரைத் தாழ்வாக வீசுங்கள், இல்லையென்றால் தங்கூசி போட்ட ஸ்பூலை மாட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், உப்பு காய்ந்தால் நூலும் சொரசொரக்கும், வளையமும் கெடும்.

தம்பிக்கு அன்றைக்கு என் பையில் கிடந்த 0.26 தங்கூசியை ஏற்றிக் கொடுத்தேன், இரண்டாவது வீச்சிலேயே ஈயம் எங்கே விழுந்தது என்று தேடிக்கொண்டு நின்றார். கழற்றிய தடித்த நூலை மணலில் போடப்போனார், விடவில்லை, காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும்தான் அது போய்ச் சிக்கும். சிக்கு விழாத பகுதியை ஒரு தகர டப்பாவில் சுற்றி வைக்கச் சொன்னேன். முப்பது இறாத்தல் லீடருக்குக் கணக்கான தடிப்பு, ஒன்றரை மீற்றராக வெட்டினால் ஒரு வருடத்துக்குக் காணும்.