முன்பே தெரிந்த வரியா, திடீர் வரியா? கொள்கை ஷாக்கை மாடலில் எழுதும் முறை

பொருளாதார மாடலில் அரசு கொண்டுவரும் மாற்றத்தைக் கொள்கை ஷாக் என்பார்கள். உதாரணமாக, 10ஆவது ஆண்டிலிருந்து நுகர்வு வரி 10% என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வரி, எப்போதிலிருந்து என்பதை நிரலில் எழுதுவது சுலபம். மக்களுக்கு அது எப்போது தெரிய வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் மாடல். ராம்சே வளர்ச்சி மாடலின் (எவ்வளவு நுகர்வது, எவ்வளவு சேமிப்பது என்று மக்கள் எதிர்காலத்தைப் பார்த்து முடிவெடுக்கும் மாடல்) எளிய வடிவமே போதும்: ஒரே பொருள், மாறாத உழைப்பு, லாக் பயன்பாட்டுச் சார்பு (நுகர்வு தரும் திருப்தியை மடக்கையால் அளப்பது). வசூலாகும் வரியை அரசு மொத்தத் தொகையாக மக்களுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. மு என்பது மூலதனம், நு நுகர்வு, வ வரி விகிதம், கா காலம் (ஒரு காலம் என்றால் ஓர் ஆண்டு). மு^0.3 என்பது உற்பத்தி, 0.9 தேய்மானம் போக மிஞ்சும் மூலதனப் பங்கு, 0.96 நாளைய திருப்திக்கு இன்று தரும் மதிப்பு.

மு[கா+1] = மு[கா]^0.3 + 0.9 × மு[கா] − நு[கா]

நு[கா+1] ÷ நு[கா] = 0.96 × (1 + வ[கா]) ÷ (1 + வ[கா+1]) × (0.3 × மு[கா+1]^(−0.7) + 0.9)

இரண்டாவதுதான் ஆய்லர் சமன்பாடு. இன்றைக்குச் செலவழிப்பதா, நாளைக்கு வைப்பதா என்ற கணக்கு. அதில் இன்றைய வரி மேலேயும் நாளைய வரி கீழேயும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் அடிபட்டுப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து, எதுவும் மாறாத நிலையைக் கண்டுபிடியுங்கள். கையாலேயே போடலாம்: மு சுமார் 2.921, நு சுமார் 1.087.

இப்போது வரி விகிதங்களுக்கு ஒரு அரே, அதாவது காலத்துக்கு ஒன்றாக எண்களை அடுக்கிய பட்டியல். 200 காலங்களுக்குத் தீர்வு காண்கிறோம் என்றால் அரேயின் நீளம் 201 இருக்க வேண்டும், ஏனென்றால் கடைசி ஆய்லர் சமன்பாடு 201ஆவது காலத்தின் வரி விகிதத்தையும் கேட்கும். முதல் 9 இடங்களில் 0, மற்ற எல்லாவற்றிலும் 0.10. ஒருமுறை என் நிரலில் அந்தக் கடைசி இடம் 0 என்றே நின்றுவிட்டது. வரைபடத்தின் முடிவில் நுகர்வு கீழே வளைந்தது. பிழை சமன்பாட்டில் இருக்கிறது என்று நினைத்து வெகுநேரம் தேடினேன். உண்மையில் மாடலில் இருந்தவர்கள் 201இல் வரி நீங்கும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். பைத்தானில் எழுதினால் எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதையும் மறக்காதீர்கள்.

சரி, தீர்ப்பது எப்படி? தொடக்க மூலதனம் தெரியும் (மாறாத நிலையின் 2.921), 201ஆவது நுகர்வு 1.087 என்று கட்டிவைக்கிறோம். மீதி 200 நுகர்வு, 200 மூலதனம். தெரியாதவை 400, சமன்பாடுகளும் 400. காலம் காலமாக முன்னே நகர்ந்து போகாமல், எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி நியூட்டன் முறையில் (ஓர் ஊகத்தைத் திரும்பத் திரும்பத் திருத்தி விடையை நெருங்கும் முறை) தீர்க்க வேண்டும். முதல் ஊகமாக எல்லா இடத்திலும் மாறாத நிலையின் மதிப்பையே கொடுங்கள். காலத்தை 300 ஆக்கியும் ஓட்டிப் பாருங்கள். தொடக்க ஆண்டுகளின் விடை அசையக் கூடாது.

விடையைப் பாருங்கள். முதல் காலத்திலேயே நுகர்வு 1.087ஐத் தாண்டி, 9 வரை ஏறிக்கொண்டே போகும். வரி வருவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்பதால் மூலதனம் கரையும். 10இல் நுகர்வு 9%க்குச் சற்றுக் குறைவாகச் சரிந்து, பிறகு மெல்ல 1.087க்கே திரும்பும்.

அப்புறம் திடீர் வரி. இதற்கு இரண்டு ஓட்டங்கள் வேண்டும். முதல் ஓட்டத்தில் அரே முழுக்க 0. அதிலிருந்து 10ஆவது காலத்தின் மூலதனத்தை எடுத்து, அதையே தொடக்கமாகக் கொண்டு, எல்லா இடத்திலும் 0.10 உள்ள அரேயோடு மறுபடி தீர்க்க வேண்டும். நுகர்வு 1.087இலிருந்து துளியும் நகராது! அறிந்த கணத்திலிருந்து இன்றைய வரியும் நாளைய வரியும் ஒன்றே, அதனால் அடிபட்டுவிட்டது. அதே 10%, அதே ஆண்டு. தெரிந்த நேரம் மட்டும் வேறு.

பெரிய மாடல்களுக்கு, இத்தகைய மாடல்களைத் தீர்க்கும் டைனேர் மென்பொருள் வசதியானது, மேட்லேப், ஆக்டேவ் என்ற கணக்கீட்டு மென்பொருள்களில் ஓடும். ஆனால் அங்கே இந்தக் காலத்தில் முடிவான மூலதனத்துக்கு இந்தக் காலத்தின் எண்ணே வரும். அதனால் உற்பத்திச் சார்பில் முந்தைய காலத்து மூலதனத்தை எழுத வேண்டும். நம் சமன்பாட்டை அப்படியே ஒட்டினால் விடை தவறிவிடும்.