சேலைக் கரை தரையில் புரள்கிறதா? எலும்பை அளந்து பாருங்கள்

முழங்கால் வலித்தால் "எலும்பு தேய்ஞ்சு போச்சு" என்கிறோம். அது மூட்டுத் தேய்மானம். எலும்பின் அடர்த்தி குறைவது, அதாவது எலும்புப்புரை, வேறு; ஒடியும்வரை பெரும்பாலும் வலியே இருக்காது.

அப்பத்தா வழக்கம்போல்தான் கட்டுகிறார், ஆனால் சேலைக் கரை புரள்கிறது என்றால், முதுகெலும்பு நொறுங்கி உயரம் குறைந்திருக்கலாம். குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்ட, நேராகப் பார்த்தபடி நிறுத்துங்கள். பின்தலை சுவரைத் தொடாவிட்டாலோ, இளவயது உயரத்தில் 4 செ.மீ. குறைந்திருந்தாலோ முதுகுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பழைய உயரம் தெரியாதா? இரு கைகளையும் விரித்து விரல்நுனிக்கு விரல்நுனி அளங்கள், ஏறக்குறைய அதுதான்.

முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் மெஷினை நம்பி மாத்திரை தொடங்க வேண்டாம். 65 வயது தாண்டிய பெண்கள், சீக்கிரம் மாதவிடாய் நின்றவர்கள், மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் எடுக்கலாம். அதில் வரும் டி-ஸ்கோர் (இளவயது எலும்போடு ஒப்பிட்ட எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை. முதுகின் எண் மட்டும் நன்றாக இருந்தால் நிம்மதியாகிவிடாதீர்கள். வயதானவர்களின் முதுகில் வளரும் எலும்பு முட்கள் அதைக் கூட்டிக் காட்டும். இடுப்பு எண்ணையும் பாருங்கள். தர்மபுரிப் பக்கம் ஃபுளோரைடு கலந்த போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ஸ்கேனில் எலும்பு கெட்டியாகத் தெரியும், ஆனால் எளிதில் ஒடியும். அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்குத் தினம் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் ராகி மாவில் கிளறிய களியில் சுமார் 350, 400 மி.லி. பாலில் 480, 50 கிராம் கொள்ளில் 130. மீதிக்கு முருங்கைக்கீரை, எள். ராகியில் இருப்பது முழுதும் உடம்பில் சேராது, பாலை விட்டுவிடாதீர்கள்.

கால்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு வேளைக்கு 500 மி.கி.க்கு மேல் போகாமல் போடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். 60,000 யூனிட் வைட்டமின் டி வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரம்தான். பழைய சீட்டைக் காட்டி வருடக்கணக்கில் வாங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடும்.

எலும்புப்புரைக்கு வாரம் ஒருமுறை போடும் அலென்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் மட்டும் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், காப்பியும் குடிக்காமல் இருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும்.

எலும்பு மெலிந்தவர்கள் குனிந்து குடம் தூக்கக் கூடாது; முதுகெலும்பு அப்போதே நொறுங்கலாம். பாத்ரூமில் பிடிகம்பி, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் இரவு விளக்கு. வாசல் தெளித்த ஈரம் காயும்வரை பெரியவர்கள் படியிறங்க வேண்டாம்.